ஆகாசத்தின் தாகம்

கோளரங்கத்தின் டிக்கெட் கவுண்டருக்கும் உள்ளே இருக்கும் வட்ட அரங்குக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுப்பாள். அந்தப் பக்கம் அவளுடைய புருஷன் இருட்டில் நின்றுகொண்டு, கூரையில் எரியும் நட்சத்திரங்களைச் சிவப்பு விளக்கால் சுட்டிக்காட்டிப் பேசுவார். இத்தனை வருஷத்தில் அந்தக் காட்சியை அவள் ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்தது கிடையாது. தாமதமாக வருகிறவர்களுக்காகக் கவுண்டரில் ஆள் இருந்தே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் சுவர் மெல்லியது, அவர் இருமினால்கூடக் கேட்கும். சூரியனில் ஆரம்பித்துக் கடைசிக் கோள் வரைக்கும் அவளுக்கு எல்லாமே காதுவழிப் படிப்பு.

கோளரங்கத்தில் எல்லாருக்கும் அவர் 'ஆகாசம்'. மேலாளரே, "ஆகாசம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். கல்யாணமான புதிதில், புருஷனை இப்படிக் கூப்பிடுகிறார்களே என்று அவளுக்கு முகம் சுண்டிப்போகும். போகப் போக அவளே மகளிடம், "போய் ஆகாசத்தைச் சாப்பிட வரச் சொல்லு" என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பேர் வீட்டுக்குள்ளும் குடிவந்துவிட்டது.

பெரிய விஞ்ஞானி என்றெல்லாம் நினைத்துவிடக் கூடாது. மேலிடத்திலிருந்து எழுதி வருவதை ஏற்ற இறக்கத்தோடு சொல்வதுதான் அவர் வேலை. சும்மா சொல்லக் கூடாது, மனுஷனுக்கு நல்ல குரல். அழுத குழந்தையும் அந்தக் குரலுக்கு வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்க்கும். காட்சி முடிந்து விளக்குப் போட்டதும், வந்தவர்கள் கேள்வி கேட்பதற்கென்று கொஞ்ச நேரம் உண்டு. அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருடைய சொந்த ராஜ்ஜியம். எழுதி வந்ததை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மனசில் இருப்பதைப் பேசுவார்.

எந்தப் பள்ளிக்கூடம் வந்தாலும் யாராவது ஒரு பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்காமல் போகாது. வேற கிரகத்தில் உயிர் இருந்தால் அதற்கும் தண்ணீர் வேண்டுமா? முன்பெல்லாம் அவர் கொஞ்சமும் யோசிக்காமல் 'ஆமாம்' என்பார். உயிர் என்பது ஒரு சந்தை மாதிரி என்பார். கொடுக்கிறவன், வாங்குகிறவன், சுமக்கிறவன் எல்லாரும் வந்து கூட ஒரு இடம் வேண்டுமல்லவா, நம் உடம்புக்குள் அந்தச் சந்தை தண்ணீரில்தான் கூடுகிறது என்பார். அதனால்தான் விஞ்ஞானிகள் எந்தக் கிரகத்தைக் கண்டுபிடித்தாலும் முதலில் அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வரிசையில் நின்று வெளியே வரும். வந்ததும் கவுண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் குடிதண்ணீர்க் குழாயை மொய்த்துக்கொள்ளும். அவள் உள்ளே இருந்தபடியே, "தள்ளாதீங்க, எல்லாருக்கும் வரும்" என்று அதட்டுவாள்.

அதன் பிறகுதான் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கையை விரித்தன. கால் வீங்கியது, முகம் உப்பியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று இருவரும் தங்களையே ஏமாற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விஷயம் கைமீறிப் போயிருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். ஊசியைக் குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் அலசி, மறுபடி உள்ளே விடுவார்கள். அதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே தாங்கினார். தாங்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. உடம்பிலிருந்து சிறுநீர் போவது நின்றுவிட்டதால், குடிக்கிற தண்ணீர் எல்லாம் உள்ளேயே தங்கும். காலில் தங்கும், வயிற்றில் தங்கும், கடைசியில் நுரையீரலில் போய் நிற்கும். அதனால் நாள் முழுக்க அரை லிட்டருக்கு மேல் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காப்பி, மாத்திரை விழுங்கக் குடிப்பது எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

ஒரு மனுஷனிடம் சோற்றைக் குறை என்றால் குறைத்துக்கொள்வான். உப்பைக் குறை என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு குறைப்பான். தண்ணீரைக் குறை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேசிப் பிழைக்கிற மனுஷனுக்குப் பேச்சே வராது. அவள் இருமல் மருந்து பாட்டிலின் மூடி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த மூடியில்தான் அவருக்குத் தண்ணீர். கேட்கும்போதெல்லாம் ஒரு மூடி. வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஆனால் அவள் எதிரில்தான். அவர் கொப்பளிக்கும்போது அவள் கண் அவர் தொண்டையிலேயே இருக்கும், தொண்டை ஏறி இறங்குகிறதா என்று.

அந்த வீட்டில் அப்புறம் யாரும் அவர் கண்ணெதிரில் தண்ணீர் குடிக்கவில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை, தானாக வந்த வழக்கம். தாயும் மகளும் சமையலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் குடிப்பார்கள். சாப்பாட்டு மேஜையில் டம்ளரே இருக்காது. விக்கல் வந்தால் எழுந்து உள்ளே ஓடுவார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர் கேட்டால் அவர்களையும் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. புரியாவிட்டால் போகட்டும்.

அந்த நாட்களில்தான் கோளரங்கத்தில் அவருடைய பதில் மாறியது.

சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் அன்று டிக்கெட் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு பெண் பிள்ளை வழக்கமான கேள்வியைக் கேட்டிருந்தாள். அவர் வறண்ட தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. பிறகு, "தண்ணி இல்லாமலும் இருக்கலாம் கண்ணு" என்றார். சனிக்கோளுக்கு ஒரு பெரிய நிலவு இருக்கிறது, அங்கே ஆறு ஓடுகிறது, ஏரி இருக்கிறது, மழைகூடப் பெய்கிறது, ஆனால் ஓடுவது தண்ணீர் இல்லை என்றார். நம் வீட்டு அடுப்பில் எரிகிற மாதிரி ஒரு வாயு, அங்கே அடிக்கிற குளிரில் திரவமாகி ஓடுகிறது. தண்ணீரெல்லாம் உறைந்து பாறையாகக் கிடக்கிறது.

"அங்க ஒருத்தன் இருக்கான்னு வச்சுக்குங்க. அவன் நம்மளப் பார்த்தா அலறி அடிச்சுக்கிட்டு ஓடுவான். ஏன் தெரியுமா? அவனைப் பொறுத்தவரைக்கும் நாமதான் பூதம். உருகின பாறையை டம்ளர்ல ஊத்திக் குடிக்கிற பூதம்."

அரங்கமே சிரித்தது. அவள் மட்டும் கவுண்டரில் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எதற்காக அப்படி ஒருவனைக் கண்டுபிடித்தார் என்று அந்தக் கட்டடத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தண்ணீர் வேண்டாத அந்த ஆளுக்கு அவர் வைத்த பேர் 'நம்மாளு'. வர வர நம்மாளு கேள்வி நேரம் முழுவதையும் பிடித்துக்கொண்டான். நம்மாளு எப்படித் தூங்குவான், நம்மாளுக்கு வியர்க்குமா, நம்மாளு அழுதால் கண்ணிலிருந்து என்ன வரும் என்றெல்லாம் பிள்ளைகள் கேட்டுத் துளைத்தார்கள். ஒரு டீச்சருக்கு இது பொறுக்கவில்லை. உயிருக்கு நீர் அவசியம் என்று எழுதினால்தான் மார்க் வரும், உங்கள் ஆள் பிள்ளைகள் மண்டையைக் குழப்புகிறார் என்று மேலாளரிடம் போய்ப் பொரிந்துவிட்டாள். மேலாளர் ஆகாசத்தைக் கூப்பிட்டு, அப்படி ஒரு உயிர் இருப்பதாக யாராவது நிரூபித்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லையென்றும் யாரும் நிரூபிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் வந்துவிட்டார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டிலும் நம்மாளுதான். மூடித் தண்ணீரை நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டே, "நம்மாளு இந்நேரம் நம்மளப் பார்த்துச் சிரிப்பான்" என்பார். மகள் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். "அவனுக்கு வேற வேலையே இல்லையாப்பா?" என்பாள். மூவரும் சிரிப்பார்கள். சிரிப்பு முடிந்ததும் அவருக்கு மறுபடி நாக்கு வறண்டுவிடும்.

ஒரே ஒரு தடவை அவர் தவறினார். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், அடுத்தடுத்துக் காட்சிகள். கடைசிக் காட்சி முடிந்து பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, கவுண்டருக்குப் பக்கத்துக் குழாயில் வாயை வைத்து மாடு மாதிரி குடித்துவிட்டார். அவள் மேலாளர் அறைக்குப் போயிருந்த சமயம் பார்த்துச் செய்த காரியம். சாயங்காலமே மூச்சு முட்ட ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, நெஞ்சுக்குள்ளே நீர்க்குமிழி உடைகிற மாதிரி ஒரு சத்தம். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸில் அவர் அவள் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டு எப்படியோ இழுத்து நிறுத்தினார்கள்.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு சிஸ்டர் இருந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல். ஒவ்வொரு தடவையும் நோயாளியை எடை மிஷினில் ஏற்றி, போன தடவையைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்துத் திட்டுவது அவள் பொறுப்பு. அன்றைக்கு அவள் ஆகாசத்தைத் திட்டவில்லை, மனைவியைத்தான் பிடித்துக்கொண்டாள். "நீங்க எதுக்கும்மா பக்கத்துல இருக்கீங்க? இன்னொரு தடவை இப்படி நடந்தா ஆளைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்றாள். அந்த வார்த்தை அவளுக்கு நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கண்கொத்திப் பாம்பாக அவரைக் காத்தாள். குளிக்கப் போனால் கதவைத் தாழ் போட விடமாட்டாள். அவளைப் பொறுத்தவரை ஒரு டம்ளர் தண்ணீர் என்பது அவருடைய சாவு. அதை அவர் கைக்கு எட்டாமல் வைத்திருப்பதுதான் அவள் செய்கிற குடித்தனம்.

எத்தனை காத்தாலும் உடம்பு தேய்ந்துகொண்டுதான் போனது. முதலில் அரங்கத்தில் நிற்க முடியாமல் நாற்காலி போட்டுக்கொண்டார். அப்புறம் கோளரங்கத்துக்குப் போவதே நின்றது. அவர் இடத்தில், பதிவு செய்த ஒரு குரலைப் போட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு ஆளின் குரல் வந்த முதல் நாள், அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவர் காரணம் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

பிறகு டயாலிசிஸே ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. மிஷினில் போட்டதும் ரத்த அழுத்தம் சரியும், கண் செருகும். சிஸ்டர் ஓடிவந்து மிஷினை நிறுத்துவாள். இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது என்றார்கள். அப்படி நிறுத்திய ஒரு நாள், அவள் மருந்துக் கடைக்குப் போய் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, டாக்டரம்மா வராந்தாவிலேயே காத்துக்கொண்டிருந்தார். அவள் தோளில் கையை வைத்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்.

இனி மிஷின் அவரைக் காப்பாற்றாது, கொன்றுதான் போடும் என்றார் டாக்டரம்மா. நிறுத்திவிடலாம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கொஞ்ச நாள்தான், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், மூச்சுக்கு மருந்து எழுதித் தருகிறேன். ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும். அவள் எல்லாவற்றையும் மரம் மாதிரி கேட்டுக்கொண்டாள். அவளுக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"தண்ணி?"

"குடுங்கம்மா. கேக்கறப்போ எல்லாம் குடுங்க."

அந்த வார்த்தையில்தான் அவள் உடைந்தாள். கொஞ்ச நாள்தான் என்றபோது வராத அழுகை, தண்ணீர் கொடுக்கலாம் என்றபோது வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுது, குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குள் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க டாக்டரம்மா?" என்று கேட்டார். மிஷினுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி போடலாம் என்று சொன்னார்கள் என்றாள். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

அந்தப் பொய்யைச் சொன்னதோடு அவள் மாட்டிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து மறுபடி மிஷின் என்றால், அதுவரைக்கும் இன்னும் கண்டிப்பாக அல்லவா தண்ணீரை அளக்க வேண்டும்? ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தால் போதும், வேறு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், அந்த மனுஷன் புரிந்துகொண்டுவிடுவார். அந்த வீட்டில் தண்ணீருக்கு அதுதான் அர்த்தம். அவர் கண்ணில் அது தெரிகிற அந்தக் கணத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. அதனால் அவள் பழையபடியே மருந்து மூடியைக் கையில் எடுத்தாள்.

மகளுக்கு மட்டும் உண்மையைச் சொன்னாள். மகள் சமையலறையில் நின்றுகொண்டு அழுதாள், பிறகு சண்டை போட்டாள்.

"குடுத்துடும்மா. இனிமே எதுக்கும்மா அளவு?"

"குடுத்தா அவருக்குத் தெரிஞ்சிடும்டி."

"தெரியட்டுமே."

"நம்பிக்கிட்டு இருக்காருடி. அந்த நம்பிக்கையை என் கையால பிடுங்கச் சொல்றியா?"

அப்பாவுக்குத் தெரியாமல் நீயும் எதையாவது கொடுத்துவிடாதே என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பெற்ற தாய் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினால் அந்தப் பெண்தான் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அவர் முதல் தடவையாகக் கேட்டார். இன்றைக்கு ஒரு டம்ளர் கொடேன் என்றார், சும்மா பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி. எடை கூடிப் போனால் சிஸ்டர் என்னைத்தான் வறுத்தெடுப்பாள் என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "ஆமா, அது ஒண்ணு இருக்கில்ல" என்று சிரித்தார். "சரி" என்றார். அவள் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டாவது தடவை கேட்டபோது குரல் அவ்வளவு சாதாரணமாக இல்லை. மதியம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் உதடு வெடித்து, ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அவள் உதட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு டம்ளர். முழுசா. குடுக்கலாம்னா குடும்மா" என்றார். அந்த 'குடுக்கலாம்னா' அவள் காதில் விழுந்தது. ஆனால் மனசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், மிஷின் போட்டபிறகு கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்றாள். அவர் அவள் கையை விட்டார். அவள் கண்ணுக்குள் எதையோ தேடுகிற மாதிரி பார்த்துவிட்டு, இந்தத் தடவையும் 'சரி' என்றார்.

அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. தனக்குத் தாகமாக இருந்தும் குடிக்கப் பிடிக்காமல் மூடினாள். இந்தத் தண்ணீரை இவ்வளவு வெறுப்போம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்த நாளெல்லாம் அவர் பாதி தூக்கத்திலேயே இருந்தார். சாயங்காலம் கண் விழித்தபோது தெளிவாக இருந்தார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். மகள் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் கேட்கக் கேட்க, அவளுக்கும் கேட்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கும். கவுண்டரை விட்டு எழுந்து வந்தால்தானே.

"ஏங்க, நெஜமாவே தண்ணி இல்லாம ஒரு உயிர் இருக்க முடியுமா?"

பிள்ளைகளுக்கு என்றால் யோசிக்காமல் கதை விடுவார். இவளுக்குப் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார்.

"தண்ணி இல்லாம இருக்கலாம்" என்றார் மெதுவாக. "தாகம் இல்லாம இருக்காது. அங்க ஒருத்தன் இருந்தா, அவனுக்கும் ஏதோ ஒண்ணு வேண்டியிருக்கும். அது கிடைக்காம அவனும் நாக்கு வறண்டு கிடப்பான். வேண்டியிருக்கறதுதான் உயிர். எதுவும் வேண்டாம்னா அது கல்லு."

"அப்ப நம்மாளு?"

"அது நான் ஆசைக்குச் சொன்னது. பிள்ளைங்களை ஏமாத்திட்டேன்."

பிறகு அவர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். டம்ளர் என்று சொல்லவில்லை, முழுசாக என்று சொல்லவில்லை. "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா உனக்கு?" என்றார். "இல்லேன்னா, தண்ணி ஏதாவது குடுக்கறியா?" அவளுக்குத் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் அவள் ஆகாசத்தின் முகத்தைப் பார்த்தாள். அதில் இன்னும் வெளிச்சம் இருந்தது, அதை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, உடம்பைத் தேற்றிக்கொண்டு சீக்கிரம் கோளரங்கத்துக்கு வரப் பாருங்கள், அந்தப் பதிவுக் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது என்றாள். மூடியில் தண்ணீர் ஊற்றி அவர் உதட்டில் வைத்தாள். அதைக் குடித்துவிட்டு, "சரிம்மா" என்றார். அவள் தலையில் கையை வைத்து, குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் தண்ணீர் கேட்கவே இல்லை.

அவர் கேட்காமல் போனதும் அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. தாகம் அடங்கிவிட்டது போலிருக்கிறது என்று மகளிடம் சொன்னாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று படுக்கும்போது அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். போதும், நாளைக்குக் காலையில் எது வந்தாலும் வரட்டும், டம்ளர் நிறையக் கொடுத்துவிடுவது. அவர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லி, அவர் மடியில் தலையை வைத்து அழுதுவிடுவது.

விடிந்ததும் பெரிய டம்ளரை எடுத்துக் கழுவினாள். ஜில்லென்ற தண்ணீரை விளிம்பு வரைக்கும் ஊற்றினாள், தளும்பியது. முதல் முறையாகச் சமையலறைக் கதவைத் திறந்து போட்டு, அதை எல்லாரும் பார்க்கும்படி கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். "ஏங்க, இந்தாங்க" என்றாள். அவர் கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. மூச்சு பெரிதாக வந்து, நின்று, மறுபடி வந்தது. அவள் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, டம்ளரை உதட்டில் வைத்துச் சாய்த்தாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாக வழிந்து, கழுத்தில் ஓடி, தலையணையை நனைத்தது. அவள் மறுபடி ஊற்றினாள். மகள் ஓடிவந்து கையைப் பிடிக்கிறவரைக்கும், குடிங்க, குடிங்க என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். உச்சிவேளைக்கு முன்னால் ஆகாசம் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மிஞ்சிப்போன மருந்துகளையும் ஊசிகளையும் ஆஸ்பத்திரியில் கொடுத்தால் வேறு யாருக்காவது ஆகுமே என்று எடுத்துக்கொண்டு போனாள். டயாலிசிஸ் பிரிவில் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் படுக்கும் கட்டிலில் வேறு ஒருவர். சிஸ்டர் அவளைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்தாள். திட்டித்திட்டியே பழகிய வாய்க்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். எடை மிஷின் பக்கத்தில் இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"கடைசியில நல்லா தண்ணி குடிச்சாராம்மா?" என்று கேட்டாள் சிஸ்டர். "ரொம்ப ஆசையா இருந்தாரு."

அவளுக்குப் புரியவில்லை. என்ன ஆசை, எப்போது என்று கேட்டாள். அன்றைக்குத்தான், மிஷினை நிறுத்தின அன்றைக்கு என்றாள் சிஸ்டர். நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா முதலில் அவரிடம்தான் எல்லாவற்றையும் சொன்னார். அவரே கேட்டார், மறைக்காமல் சொல்லுங்கள் என்று. கேட்டுவிட்டு, அப்படியானால் இனி நான் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கலாமா என்று சிரித்தார். பிறகு டாக்டரம்மாவிடம், இதை என் பெண்டாட்டியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்கன்னாரு. அவளா எங்கிட்ட சொல்றதுக்குத் தெம்பு வரட்டும், அது வரைக்கும் நான் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்னாரு. நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அவள் சிஸ்டரின் கையை இறுக்கிப் பிடித்தாள். "தெரியும்னா ஏன் சிஸ்டர் வாய்விட்டுக் கேக்கல?" என்றாள்.

"கேட்டிருப்பாரேம்மா" என்றாள் சிஸ்டர்.

கேட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இவள் மூடியைத் தாண்டவில்லை. இவளுக்கு இன்னும் தெம்பு வரவில்லை என்று பார்த்துத் தெரிந்துகொண்டு, மூன்று தடவையும் 'சரி' என்றார். இவள் அவருக்காக என்று எந்த நம்பிக்கையைக் காப்பாற்றினாளோ, அது அவரிடம் அப்போது இல்லவே இல்லை. இவளிடம் இருந்ததைத்தான் அவர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதுவும் வெடித்த உதட்டோடு. அவள் பெஞ்சிலேயே மடங்கி விழுந்து, சுற்றிலும் மிஷின்கள் ஓட, நோயாளிகள் தலையைத் தூக்கிப் பார்க்க, பெருங்குரலெடுத்து அழுதாள். செத்துப் போனாரே என்று அவள் அழவில்லை. குடிக்கலாம் என்று தெரிந்தும், எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும் என்று தெரிந்தும், அவளுக்காகத் தாகத்தோடு போனாரே என்றுதான் அழுதாள்.